ஒரு துகளில் தொடங்குங்கள்: இயற்பியல்காரருக்கான ஸ்டோகாஸ்டிக் பிராசஸ்

எம்.எஸ்சி. இயற்பியல் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "சார், ஸ்டோகாஸ்டிக் பிராசஸ் படிக்கணும், எந்தப் புத்தகத்துல ஆரம்பிக்கிறது?" பெரும்பாலும் ப்ராஜெக்ட்டில் இறங்கிய பிறகுதான் இந்தக் கேள்வி வரும். கைடு ஒரு ஆய்வுக்கட்டுரையைக் கையில் கொடுத்திருப்பார். அதன் இரண்டாம் பக்கத்திலேயே லாஞ்செவின் சமன்பாடு வந்து நிற்கும், அடுத்த பக்கத்தில் ஃபோக்கர்–பிளாங்க். பாடத்திட்டத்தில் இதற்கென்று தனித்தாள் இருந்திருக்காது. ஸ்டாட் மெக் தாளின் கடைசி யூனிட்டில் 'பிரௌனியன் இயக்கம்' என்று ஒரு வரி இருந்திருக்கும். செமஸ்டர் முடியும் அவசரத்தில் அது ஒரே வகுப்பில் முடிந்துபோயிருக்கும்.

இணையத்தில் தேடினால் குழப்பம் கூடுகிறது. இந்தப் பாடத்துக்குள் நுழைய மூன்று வாசல்கள் இருக்கின்றன. கணிதத்துறையினரின் வாசலில் சிக்மா அல்ஜீப்ராவும் மெஷர் தியரியும் காத்திருக்கின்றன. நிதித்துறையினரின் வாசலில் பங்கு விலையும் ஆப்ஷன் விலையும். மூன்றாவது வாசலில் ஒரு துகள், அதைச் சுற்றி ஒரு திரவம், அந்தத் திரவத்துக்கு ஒரு வெப்பநிலை. இயற்பியல் மாணவருக்கு உரியது இந்த மூன்றாவது. ஆனால் தேடுபொறி முதலில் காட்டுவது மற்ற இரண்டையும்தான். உதாரணமாக, கணித வாசலில் உள்ள ஓக்சென்டாலின் புத்தகம் அதன் வாசகருக்கு மிக நல்ல புத்தகம். ஸ்டோக்ஸ் விதியையும் ஆற்றல் சமபங்கீட்டு விதியையும் அறிந்த ஒருவர் அதை முதல் புத்தகமாக எடுத்தால், தனக்குத் தெரிந்த எதையும் அதில் பயன்படுத்த முடியாமல் நாற்பது பக்கத்தில் சோர்ந்துவிடுவார். அவருடைய பலமே இயற்பியல் உள்ளுணர்வுதான். அதை ஓரமாக வைத்துவிட்டு எதற்காகத் தொடங்க வேண்டும்?

தொடக்கநிலைப் புத்தகம் எது என்று முடிவுசெய்ய நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே. கையால் கணக்குப் போட்டு, சரிபார்க்கக்கூடிய ஓர் எண்ணுக்கு அது எவ்வளவு சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது? எளிய நடை, படங்கள், வண்ணப் பெட்டிகள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் கையில் இருக்க வேண்டிய நிகழ்தகவைப் பார்த்துவிடுவோம். பயப்படுமளவுக்கு ஒன்றுமில்லை. சராசரி, பரவற்படி, ஒன்றையொன்று சாராத மாறிகளைக் கூட்டினால் பரவற்படிகளும் கூடும் என்ற விதி, ஈருறுப்புப் பரவல், பாய்சான் பரவல், இயல்நிலைப் பரவல், காஸியன் தொகையீடு. இவ்வளவு போதும். இதற்காகத் தனியாகப் புள்ளியியல் புத்தகம் தேட வேண்டாம். ரைஃப் எழுதிய 'ஃபண்டமென்டல்ஸ் ஆஃப் ஸ்டாடிஸ்டிகல் அண்ட் தெர்மல் ஃபிசிக்ஸ்' (1965) பெரும்பாலான கல்லூரி நூலகங்களில் இருக்கும். அதன் முதல் அத்தியாயம் முழுக்க ஒரு பரிமாண ராண்டம் வாக்தான். ஃபைன்மன் விரிவுரைகளின் முதல் தொகுதியில் 6-ஆம் அத்தியாயம் நிகழ்தகவு, 41-ஆம் அத்தியாயம் பிரௌனியன் இயக்கம். கால்டெக் தளத்தில் முழுத் தொகுதியும் இலவசமாகக் கிடைக்கிறது. கால்வனோமீட்டரின் கண்ணாடி வெப்பத்தால் தானே நடுங்குவதையும் மின்தடையில் எழும் ஜான்சன் இரைச்சலையும் அவர் அந்த 41-ஆம் அத்தியாயத்தில் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார். இரண்டும் ஒரே காரணத்தால் வருபவை என்று புரிந்துவிட்டால் இந்தப் பாடத்தின் பாதி மனதில் உட்கார்ந்துவிடும்.

ராண்டம் வாக் என்ற பெயரின் கதையையும் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்த கதை. 1905 ஜூலையில் கார்ல் பியர்சன் 'நேச்சர்' இதழுக்கு ஒரு கேள்வி அனுப்பினார். ஒருவர் ஒரு புள்ளியிலிருந்து நேர்கோட்டில் குறிப்பிட்ட தூரம் நடக்கிறார், பிறகு ஏதோவொரு கோணத்தில் திரும்பி அதே தூரம் நடக்கிறார், இப்படியே தொடர்கிறார். முடிவில் அவர் தொடங்கிய இடத்திலிருந்து இன்ன தூரத்தில் இருப்பதற்கான நிகழ்தகவு என்ன? அடுத்த வாரமே ரேலி பிரபு பதில் எழுதினார். ஒலி அலைகள் ஒன்றன்மேல் ஒன்று கூடும் கணக்காக அதை அவர் 1880-லேயே போட்டு வைத்திருந்தார். ஐன்ஸ்டைன் பிரௌனியன் இயக்கம் பற்றி எழுதியதும் அதே 1905-இல்தான். வெவ்வேறு துறைகளில் இருந்தவர்கள் ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சரி, முதல் புத்தகம். என் தேர்வு டான் லெமன்ஸ் எழுதிய 'அன் இன்ட்ரொடக்‌ஷன் டு ஸ்டோகாஸ்டிக் பிராசஸஸ் இன் ஃபிசிக்ஸ்' (2002, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பதிப்பு). மெலிந்த புத்தகம். சமவாய்ப்பு மாறி என்றால் என்ன என்பதில் தொடங்கி, இயல்நிலைப் பரவலின் தேற்றங்கள் வழியாக, ஐன்ஸ்டைனின் பிரௌனியன் இயக்கம், ஆர்ன்ஸ்டைன்–உலன்பெக், லாஞ்செவின் என்று ஒரே ஒழுங்கில் போகிறது. அத்தியாயங்கள் சிறியவை, ஒவ்வொன்றின் முடிவிலும் கணக்குகள் உண்டு. பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளை அவர் கூடுமானவரை தள்ளி வைத்துவிட்டு, மாறிகளையே நேரடியாகக் கூட்டிப் பெருக்கிக் கணக்குப் போட வைக்கிறார். அவர் பயன்படுத்தும் குறியீடு மற்ற புத்தகங்களில் அதிகம் காணக் கிடைக்காது. அதனால் என்ன? அடுத்த புத்தகத்துக்குப் போகும்போது ஓர் அரைமணி நேரம் செலவழித்தால் பழகிவிடும்.

இந்தப் புத்தகத்தை நான் முதலில் வைப்பதற்கு இன்னொரு காரணம் அதன் பின்னிணைப்பு. பால் லாஞ்செவின் 1908-இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் இதழில் எழுதிய சிறு கட்டுரை ஆங்கில மொழிபெயர்ப்பில் அங்கே இருக்கிறது. சில பக்கங்கள்தான். நவீன இயற்பியலின் ஒரு மூலக் கட்டுரையை இளங்கலை மாணவர் ஒருவர் ஒரே மாலையில் முழுவதும் புரிந்துகொண்டு படித்து முடிக்க முடியும் என்றால், அது இந்தக் கட்டுரைதான்.

அதில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். தண்ணீரில் மிதக்கும் ஒரு சிறு கோளத்தின் மீது இரண்டு விசைகள். ஒன்று பாகியல் தடை, ஸ்டோக்ஸ் விதிப்படி வேகத்துக்கு நேர்விகிதத்தில், எதிர்த்திசையில். மற்றது நீர் மூலக்கூறுகள் நாலாபுறமும் மோதுவதால் வரும் ஒழுங்கற்ற விசை. இரண்டையும் சேர்த்து நியூட்டனின் இரண்டாம் விதியை எழுதுங்கள். சமன்பாட்டின் இரு பக்கத்தையும் துகளின் இடப்பெயர்ச்சியால் பெருக்குங்கள். இப்போது ஏராளமான துகள்களுக்குச் சராசரி எடுங்கள். இடப்பெயர்ச்சியும் ஒழுங்கற்ற விசையும் பெருகி நிற்கும் உறுப்பின் சராசரி பூஜ்யம், ஏனென்றால் துகள் மையத்துக்கு இடப்பக்கம் இருக்கிறதா வலப்பக்கம் இருக்கிறதா என்பது மோதும் மூலக்கூறுக்குத் தெரியாது. நிறையும் வேகத்தின் வர்க்கமும் சேர்ந்த உறுப்பின் சராசரி, சமபங்கீட்டு விதிப்படி, போல்ட்ஸ்மன் மாறிலியையும் வெப்பநிலையையும் பெருக்கிய தொகை. எஞ்சுவது பிளஸ் டூ கணக்கில் வரும் முதல்வரிசை வகைக்கெழுச் சமன்பாடு. அதைத் தீர்த்தால், சற்று நேரம் கழிந்த பின் இடப்பெயர்ச்சியின் வர்க்கச் சராசரி காலத்துக்கு நேர்விகிதத்தில் வளர்கிறது என்ற விடை வருகிறது. ஐன்ஸ்டைன் வேறு பாதையில் அடைந்த அதே விடை.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். இடப்பெயர்ச்சியால் பெருக்கியபோது ஒழுங்கற்ற விசையின் உறுப்பு பூஜ்யமானது. அதே சமன்பாட்டை வேகத்தால் பெருக்கிப் பாருங்கள். இப்போது அந்த உறுப்பு பூஜ்யமாகாது. பாகியல் தடை துகளிடமிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும் ஆற்றலை மூலக்கூறு மோதல்கள் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் துகள் நின்றுவிடும். விசையும் வேகமும் பெருகிய சராசரிதான் அந்தத் திருப்பிக் கொடுக்கும் வீதம். தடையும் உதையும் ஒரே தண்ணீரிலிருந்து வருகின்றன, ஒன்றின் அளவு மற்றதன் அளவைத் தீர்மானிக்கிறது. ஏற்ற இறக்க–ஆற்றலிழப்புத் தேற்றம் என்ற பெரிய பெயரில் பின்னால் வரப்போவதன் விதை இது. இந்த இரண்டு பெருக்கல்களையும் நோட்டில் போட்டுப் பார்க்காமல் மேலே போக வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

இனி எண்ணுக்கு வருவோம். 1 மைக்ரான் விட்டமுள்ள கோளம். அறை வெப்பநிலை 300 கெல்வின். நீரின் பாகியல் எண் 0.00085 பாஸ்கல் வினாடி. போல்ட்ஸ்மன் மாறிலியையும் வெப்பநிலையையும் பெருக்கினால் 4.14 × 10⁻²¹ ஜூல். ஸ்டோக்ஸ் தடையால் வகுத்தால் விரவல் எண் ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 0.5 சதுர மைக்ரான். இதை இரட்டித்து, நேரத்தால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் ஒரு வினாடியில் ஒரு திசையில் துகள் நகரும் தூரம் ஏறத்தாழ 1 மைக்ரான், அதாவது அதன் விட்டத்தின் அளவு. நூறு வினாடியில் 10 மைக்ரான். ஒரு மணி நேரம் காத்திருந்தாலும் 60 மைக்ரான்தான், தலைமுடியின் தடிமன். ஐன்ஸ்டைன் 1905 கட்டுரையின் முடிவில் இதே அளவுள்ள துகளுக்கு, 17 டிகிரித் தண்ணீரில், ஒரு வினாடிக்கு 0.8 மைக்ரான், ஒரு நிமிடத்துக்குச் சுமார் 6 மைக்ரான் என்று எழுதியிருக்கிறார். உங்கள் நோட்டில் வந்த எண்ணும் அவர் எழுதிய எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்போது வரும் நம்பிக்கையை எந்த முன்னுரையும் தராது.

இந்த எண்ணை ஜான் பெரின் பாரிஸில் சோதித்தார். காம்போஜ் என்ற மஞ்சள் மரப்பிசினைத் தண்ணீரில் கரைத்து, மையவிலக்கு இயந்திரத்தில் திரும்பத் திரும்பச் சுழற்றி, ஒரே அளவுள்ள மணிகளாகப் பிரித்தெடுத்தார். நுண்ணோக்கியில் ஒரு மணியைப் பின்தொடர்ந்து 30 வினாடிக்கு ஒருமுறை அதன் இடத்தைக் கட்டத்தாளில் குறித்து, புள்ளிகளை நேர்கோடுகளால் இணைத்தார். அந்தப் படம்தான் இன்றும் புத்தகங்களில் அச்சாகிக்கொண்டிருக்கிறது. அவகாட்ரோ எண்ணை அவர் இந்த வழியில் அளந்தபோது, அணு என்பது வெறும் கணக்கு வசதி என்று சொல்லிக்கொண்டிருந்த வேதியியலாளர்கள்கூட ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. 1926-இல் நோபல் பரிசு. அந்தப் படத்தில் ஒவ்வொரு நேர்கோடும் 30 வினாடி இடைவெளியை மறைக்கிறது என்பதைப் பெரினே வலியுறுத்தினார். இடைவெளியைக் குறைத்துக் குறித்தால் ஒவ்வொரு கோடும் அதே அளவு சிக்கலான இன்னொரு படமாக விரியும்.

அப்படியானால் துகளின் உண்மையான வேகத்தைப் பார்க்கவே முடியாதா? மேலே போட்ட கணக்கிலேயே பதில் இருக்கிறது. நிறையை ஸ்டோக்ஸ் தடையால் வகுத்தால் வரும் நேரம், தண்ணீரில், ஒரு வினாடியில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்குள் துகள் தன் பழைய வேகத்தை மறந்துவிடுகிறது. இதை அளக்க வாய்ப்பில்லை என்று ஐன்ஸ்டைன் 1907-இல் எழுதினார். 2010-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மார்க் ரைசனின் குழு ஒரு கண்ணாடி மணியை லேசர் ஒளியால் காற்றில் நிறுத்தி அந்த வேகத்தை அளந்துவிட்டது. காற்றின் பாகியல் தண்ணீருடையதைவிட மிகக் குறைவு, அதனால் மறக்கும் நேரம் நீளம். காரணம் உங்கள் நோட்டில் உள்ள அதே வகுத்தல்தான்.

அடுத்து கணினி. பைத்தானில் இருபது வரி போதும். துகள் ஒவ்வொரு சிறு காலப்படியிலும் ஒரு சமவாய்ப்பு உதை வாங்குகிறது, அவற்றைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். இங்கே எல்லோரும் கேட்கும் கேள்வி: உதையின் அளவைக் காலப்படியால் பெருக்காமல் அதன் வர்க்கமூலத்தால் பெருக்குவது ஏன்? எண்களைப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு வினாடியை நூறாகப் பிரியுங்கள், ஒவ்வொரு படியும் 0.01. உதையின் அளவும் 0.01 என்றால் அதன் பரவற்படி 0.0001, நூறு படிக்கும் சேர்த்து 0.01. அதே வினாடியைப் பத்தாயிரமாகப் பிரித்தால் மொத்தப் பரவற்படி 0.0001. படியைச் சிறிதாக்கச் சிறிதாக்கத் துகள் நகராமலே போய்விடுகிறது, இயற்கையில் அப்படி நடப்பதில்லை. வர்க்கமூலத்தைப் போட்டால் முதல் கணக்கில் ஒவ்வொரு உதையின் பரவற்படியும் 0.01, நூறுக்கும் சேர்த்து 1. இரண்டாவதில் 0.0001, பத்தாயிரத்துக்கும் சேர்த்து 1. படியை எப்படிப் பிரித்தாலும் விடை மாறவில்லை. ஈட்டோ கால்குலஸ் என்று பின்னால் வரும் பகுதியின் வேர் இந்த ஒரு வரிதான். டெஸ்மண்ட் ஹைம் 2001-இல் 'சயாம் ரிவ்யூ' இதழில் எழுதிய நீள்கட்டுரை இந்த நிரல்களைப் படிப்படியாகச் சொல்லித் தருகிறது. நிரல்கள் மேட்லாபில் இருக்கும், பைத்தானுக்கு மாற்றுவது ஒரு நல்ல வீட்டுப்பாடம்.

இந்த இடத்துக்கு வந்த பிறகு வீடியோ விரிவுரை கேட்கலாம். அதற்கு முன்னால் கேட்டால் தலையாட்டிக்கொண்டே கேட்டு முடித்துவிட்டு நோட்டு காலியாக இருக்கும். விரிவுரை என்றால் என் பரிந்துரையில் முதலிடம் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த வி. பாலகிருஷ்ணனுக்கு. என்.பி.டெல் தளத்தில் அவருடைய இரண்டு தொடர்கள் இதற்கு நேரடியாகப் பொருந்தும்: 'ஃபிசிகல் அப்ளிகேஷன்ஸ் ஆஃப் ஸ்டோகாஸ்டிக் பிராசஸஸ்', 'நான்ஈக்விலிப்ரியம் ஸ்டாடிஸ்டிகல் மெக்கானிக்ஸ்'. இரண்டும் இலவசம். கரும்பலகையில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எழுதிக்கொண்டே போகிறார். ஒரு விடை வந்ததும் அதை அப்படியே விட்டுவிடாமல், எல்லையில் என்ன ஆகிறது, அலகு சரியாக வருகிறதா, வேறு வழியில் யோசித்தால் இது வந்திருக்குமா என்று கேட்டுப் பார்க்கும் பழக்கத்தை அவரிடம் கற்றுக்கொள்ளலாம். 2008-இல் வந்த அவருடைய 'எலிமென்ட்ஸ் ஆஃப் நான்ஈக்விலிப்ரியம் ஸ்டாடிஸ்டிகல் மெக்கானிக்ஸ்' புத்தகமும் லாஞ்செவின் சமன்பாட்டில்தான் தொடங்குகிறது. ஒழுங்கற்ற விசையின் வலிமை இவ்வளவுதான் இருக்க முடியும் என்று வெப்பச் சமநிலையை வைத்தே அவர் கட்டிப்போடும் பகுதியைப் பென்சிலுடன் படியுங்கள். நான் மேலே வேகத்தால் பெருக்கச் சொன்னது அங்கே முழு உருவம் எடுத்து நிற்கும்.

இதற்கிடையே ஒரு மாறுதலுக்காக ஹாவர்டு பெர்க்கின் 'ராண்டம் வாக்ஸ் இன் பயாலஜி' (1983). உயிரியல் என்ற பெயரைப் பார்த்துத் தள்ளிவிட வேண்டாம். பெர்க் பாக்டீரியாவின் நீச்சலை அளந்தவர், ஒவ்வொரு பக்கத்திலும் எண் இருக்கும். சிறு மூலக்கூறு ஒன்று பாக்டீரியாவின் குறுக்களவைக் கடக்க ஒரு வினாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் ஆகிறது. அதே மூலக்கூறு ஒரு சென்டிமீட்டர் கடக்க ஏறத்தாழ 14 மணி நேரம். பாக்டீரியாவுக்கு ரத்தக் குழாய் ஏன் வேண்டாம், நமக்கு ஏன் வேண்டும் என்பதற்கான பதில் இதற்குள் இருக்கிறது.

இலவசமாகக் கிடைப்பவை இன்னும் உண்டு. ஜேம்ஸ் செத்னாவின் ஸ்டாட் மெக் புத்தகம் அவருடைய தளத்திலேயே கிடைக்கிறது. இரண்டாம் அத்தியாயம் ராண்டம் வாக். சூரியனின் மையத்தில் பிறந்த ஒளித்துகள் தடுக்கித் தடுக்கி வெளியே வரும் கணக்கு அதில் இருக்கிறது. பெங்களூரிலிருந்து இந்திய அறிவியல் அகாதமி நடத்தும் 'ரெசனன்ஸ்' இதழ் மாணவருக்காகவே வருவது, பழைய இதழ்கள் எல்லாம் இணையத்தில் திறந்தே இருக்கின்றன. கொஞ்சம் முன்னேறிய பிறகு, சத்யா மஜும்தார் 2005-இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதிய பிரௌனியன் ஃபங்ஷனல்கள் பற்றிய கட்டுரையைத் தேடிப் படியுங்கள். ஐன்ஸ்டைன் கட்டுரையின் நூற்றாண்டை ஒட்டி வந்தது, மிகத் தெளிவான எழுத்து.

இனி சந்திரசேகர். 1943-இல் 'ரிவ்யூஸ் ஆஃப் மாடர்ன் ஃபிசிக்ஸ்' இதழில் அவர் எழுதிய 'ஸ்டோகாஸ்டிக் பிராப்ளம்ஸ் இன் ஃபிசிக்ஸ் அண்ட் அஸ்ட்ரானமி' 89 பக்கம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர், அப்போது சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் இருந்தார். விண்மீன்களைப் பற்றிய ஒரு கேள்விதான் அவரை இங்கே கொண்டுவந்தது. ஒரு விண்மீனைச் சுற்றி மற்ற விண்மீன்கள் தாறுமாறாக இறைந்து கிடக்கின்றன. அவற்றின் ஈர்ப்பு ஒவ்வொரு கணமும் கொஞ்சம் ஏறி இறங்குகிறது. மூலக்கூறுகளுக்கு நடுவே பெரினின் பிசின் மணிக்கு நேர்ந்ததுதான் விண்மீன் கூட்டத்துக்கு நடுவே ஒரு விண்மீனுக்கும் நேர்கிறது. எனவே அவர் ராண்டம் வாக்கிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் ஒழுங்காகக் கட்டி எழுப்பி, நான்காம் அத்தியாயத்தில்தான் விண்மீன்களுக்கு வருகிறார்.

இத்தனை வருடம் கழித்தும் அந்தக் கட்டுரையைத் தொடக்கநிலை மாணவருக்கு நான் தயங்காமல் கொடுப்பேன், முதல் இரண்டு அத்தியாயங்களை மட்டும். முதல் அத்தியாயத்தில் ஒரு பரிமாணத்தில் தலையா பூவா போட்டு நடப்பவரின் கணக்கைத் தொடங்கி, தடுப்புச் சுவர் வைத்தால் என்ன, உறிஞ்சும் சுவர் வைத்தால் என்ன என்று ஒவ்வொன்றாகத் தீர்க்கிறார். எந்த வரியும் 'எளிதில் காணலாம்' என்று தாவுவதில்லை. அவருடைய எழுத்தில் எனக்குள்ள மரியாதைக்கு முதன்மையான காரணம் இந்தப் பொறுமைதான். நெல்சன் வாக்ஸ் தொகுத்த டோவர் தொகுப்பில் (1954) இந்தக் கட்டுரையோடு உலன்பெக்–ஆர்ன்ஸ்டைன் 1930-இல் எழுதியதும் வாங்–உலன்பெக் 1945-இல் எழுதியதும் சேர்ந்தே இருக்கின்றன. நூலகத்தில் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

கடைசியாக, எல்லோரும் முதலில் சொல்லும் புத்தகம். வான் காம்பன், 'ஸ்டோகாஸ்டிக் பிராசஸஸ் இன் ஃபிசிக்ஸ் அண்ட் கெமிஸ்ட்ரி', முதல் பதிப்பு 1981. இந்தத் துறையின் மிகச் சிறந்த புத்தகம் என்று நானும் சொல்வேன். அதை முதல் புத்தகமாகக் கொடுப்பது மட்டும் எனக்கு உடன்பாடில்லை. தொடக்க அத்தியாயங்கள் நிகழ்தகவை மிகச் சுருக்கமாக, ஏற்கெனவே தெரிந்தவருக்கு நினைவூட்டுவதுபோல் எழுதப்பட்டவை. பயிற்சிக் கணக்குகள் பாடத்தின் நடுவிலேயே வரும், பல கணக்குகள் கடினமானவை. ஒரு பையன் வந்து, "சார், வான் காம்பன் எடுத்தேன், நாலாவது அத்தியாயத்துல நின்னுபோச்சு" என்றான். "அதுவரைக்கும் வந்ததே நல்லதுப்பா, அஞ்சுல இருந்து படிச்சுப் பாரு" என்றேன். ஐந்தாவது மாஸ்டர் சமன்பாடு, ஆறாவது ஒருபடி நிகழ்வுகள். அங்கேதான் புத்தகம் உயிர் பெறுகிறது. கதிரியக்கச் சிதைவை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் படித்தது சராசரி மட்டும், அடுக்குக்குறி வளைகோடு. மாஸ்டர் சமன்பாடு சராசரியோடு பரவற்படியையும் தருகிறது. எஞ்சியிருக்கும் அணுக்களின் சராசரியை, இதுவரை சிதைந்தவற்றின் பங்கால் பெருக்கினால் பரவற்படி. தொடக்கத்தில் பூஜ்யம், நடுவில் உச்சம், கடைசியில் மறுபடி பூஜ்யம். போட்டுப் பார்த்தால் கால் மணி நேரம்.

இரைச்சலைத் தொகையிட ஈட்டோவின் விதியா ஸ்ட்ராட்டனோவிச்சின் விதியா என்ற நீண்ட வாதத்திலும் வான் காம்பனின் நிலை தெளிவானது. இரைச்சல் வெளியிலிருந்து வருகிறதா, அமைப்பின் உள்ளேயிருந்தே பிறக்கிறதா என்று முதலில் கேளுங்கள், உள்ளிருந்து பிறந்தால் மாஸ்டர் சமன்பாட்டுக்குப் போங்கள் என்பார். கணிதப் புத்தகம் இந்தக் கேள்வியைக் கேட்காது. இந்த ஒன்றுக்காகவே இயற்பியல்காரர் எழுதிய புத்தகம் வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்கிறேன்.

மற்றவை சுருக்கமாக. கார்டினரின் கையேடு (1983) தேவைப்படும்போது எடுத்துப் பார்ப்பதற்கு, வரிசையாகப் படிப்பதற்கல்ல. ரிஸ்கென் (1984) ஃபோக்கர்–பிளாங்க் சமன்பாட்டோடு மல்லுக்கட்டப் போகிறவருக்கு. குர்ட் ஜேக்கப்ஸ் (கேம்பிரிட்ஜ், 2010) ஈட்டோ விதியை நேரடியாகக் கையில் கொடுத்துக் கணக்குப் போட வைப்பார், லெமன்ஸ் கிடைக்காதவர் இதில் தொடங்கலாம். முதல்முறை எட்டும் நேரம் பற்றிய ப்ராஜெக்ட் என்றால் சிட்னி ரெட்னரின் புத்தகம் (2001), வேறு எதையும் தேட வேண்டாம்.

லாஞ்செவின் கட்டுரையை முடித்தவர்களுக்கு ஒரு கணக்கு. அதே துகளை இப்போது ஒரு சுருள்வில்லில் கட்டுங்கள், அதாவது இடப்பெயர்ச்சிக்கு நேர்விகிதத்தில் மையத்தை நோக்கி இழுக்கும் இன்னொரு விசையைச் சேருங்கள். அதேபோல இடப்பெயர்ச்சியால் பெருக்கி, சராசரி எடுத்து, நீண்ட நேரத்துக்குப் பின் வர்க்கச் சராசரி என்னவாகிறது என்று பாருங்கள். இம்முறை அது வளர்ந்துகொண்டே போகாது. போல்ட்ஸ்மன் மாறிலியையும் வெப்பநிலையையும் பெருக்கி வில்மாறிலியால் வகுத்த எண்ணில் நின்றுவிடும். பாகியல் எண் விடையில் வரவே கூடாது. வந்தால் எங்கோ ஒரு வரி தவறியிருக்கிறது. லேசர் இடுக்கி வைத்திருக்கும் ஆய்வகங்களில் இதையே திருப்பிப் போடுகிறார்கள்: மணி எவ்வளவு நடுங்குகிறது என்று அளந்து, ஒளிப்பொறியின் வில்மாறிலியைக் கண்டுபிடிக்கிறார்கள். வில்மாறிலி ஒரு மீட்டருக்கு 10⁻⁶ நியூட்டன் என்று வைத்து, 300 கெல்வினில் போடுங்கள். நடுக்கத்தின் வர்க்கச் சராசரியின் வர்க்கமூலம் 64 நானோமீட்டர் வர வேண்டும்.